பிள்ளையார் ஒட்டாத இயந்திரம்

வேண்டாம் ஐயா, பையை மேலே வைக்க வேண்டாம். என் மடியிலேயே இருக்கட்டும். உள்ளே பிள்ளையார் இருக்கிறார். ஆம், பிள்ளையார்தாம். அரைச் சாண் உயரம். மூஞ்சூறின் மூக்கு நேற்று உடைந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கை. அவரை நாளிதழில் சுற்றியிருப்பது முறையன்று என்று நீங்கள் எண்ணுவது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. துண்டு இருந்தது. நல்ல வெள்ளைத் துண்டு. அது எங்கே போயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்களும் கோவில்பட்டிதானே? நேரம் இருக்கிறது.

என் பெயர் கு. வீரபுத்திரன். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை நிறுத்திக்கொண்டது. நான் படிப்பை நிறுத்தவில்லை. ஊர் நூலகத்தில் தடித்த அறிவியல் தொகுதிகள் இருந்தன. அகரத்தில் தொடங்கி மகரம் வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்தவன் நான். அதற்கடுத்த தொகுதியை எவனோ எடுத்துச் சென்று திருப்பவேயில்லை. ஆகவே வெப்பம், வேதியியல் ஆகிய இரண்டில் மட்டும் எனக்குச் சிறு இடைவெளி உண்டு. வெற்றிடம் என்பதும் அந்தத் தொகுதியில்தான் இருந்தது. அதை நான் வேலையில் கற்றுக்கொண்டேன்.

வேலை என்றால், திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறை. பெயர் சொல்ல மாட்டேன். நான் குறை சொல்பவன் அல்லன், நடந்ததைச் சொல்பவன். முப்பத்தோரு ஆண்டு ஆய்வக உதவியாளர். கடந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். அங்கே நாங்கள் காந்த மென்படலம் வளர்த்தோம்.

மாவு ஊற்றித் தோசை வார்ப்பதுபோல் என்று எண்ணிவிடாதீர்கள். ஓர் எஃகுக் கலம். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கம் கோபால்ட்டும் இரும்பும் போரானும் கலந்த வட்டத் தகடு. எதிரே கட்டைவிரல் நகமளவு சிலிக்கன் வில்லை. ஆர்கான் வாயுவைக் கொஞ்சமாக உள்ளே விட்டு மின்சாரம் கொடுத்தால் ஊதா நிறத்தில் ஓர் ஒளி எழும். ஆர்கான் போய்த் தகட்டை மோதும், தகட்டிலிருந்து அணுக்கள் தெறிக்கும், தெறித்தவை வில்லையின்மேல் படியும். அதுதான் படலம். உங்கள் தலைமுடி ஒன்றைப் பதினாயிரமாக வகிர்ந்தால் ஒரு வகிர் எவ்வளவோ அவ்வளவு தடிமன். உங்களுக்கு முடி குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை, எடுத்துக்காட்டு.

எதற்கு அது என்பீர்கள். இந்தப் பேருந்தைப் பாருங்கள். நாம் ஐம்பது பேரும் ஓட்டுநரின் முதுகைப் பார்த்தே அமர்ந்திருக்கிறோம். படலத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்களும் இப்படி ஒரே திசை நோக்கி ஒழுங்காக அமர்ந்துவிட்டால், முன்னோக்கினால் ஒன்று, பின்னோக்கினால் சுழி என்று அவற்றில் செய்தி எழுதி வைக்கலாம். மின்சாரம் போனாலும் அழியாது. தற்சுழற்சி மின்னணுவியல். பெயர் நான் வைத்தது. துறையில் ஸ்பின்ட்ரானிக்ஸ் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் எங்கள் படலத்தில் எலக்ட்ரான்கள் பந்தியில் இடம் பிடிக்க வந்தவர்கள்போல் ஆளுக்கொரு திசையில் நின்றன. அளந்து பார்த்தால் வரைபடம் செங்கல்போல் சதுரமாக வர வேண்டும். எங்களுக்கு மிதிபட்ட வாழைப்பழம்போல் வந்தது. இரண்டாண்டு வாழைப்பழம்.

துறையில் இதற்குப் பொறுப்பு பேராசிரியர் இளஞ்சேரன். மூன்று தலைமுறைப் பகுத்தறிவுக் குடும்பம். நல்ல மனிதர். உருவம் சற்றுப் பெரிது, அது பின்னால் கதைக்குத் தேவைப்படும். அவரிடம் ஆய்வு செய்த பெண் செண்பகவல்லி, எங்கள் ஊர்ப் பக்கம். இந்தப் படலம் வந்தால்தான் அந்தப் பெண்ணுக்கு முனைவர் பட்டம். இந்தப் படலம் வந்தால்தான் எனக்கும் ஒன்று. அதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அச்சில் என் பெயர்.

சிரிக்காதீர்கள். வாழ்நாளெல்லாம் அச்சடித்ததைப் படித்தவன் நான். என் பெயர் இதுவரை ஒரே ஒருமுறை அச்சேறியிருக்கிறது, ரேஷன் அட்டை காணவில்லை என்ற அறிவிப்பில். செண்பகவல்லிதான் சொன்னாள்: “அண்ணாச்சி, படலம் மட்டும் நல்லா வரட்டும், கட்டுரையில உங்க பேரையும் போடச் சொல்லுதேன்.” அன்றிலிருந்து எனக்கு அதே நினைவு.

சென்ற ஆண்டு ஆயுத பூசை வந்தது. கலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கப் போனேன். பேராசிரியர் பாய்ந்து வந்தார். “வீரபுத்திரன்! குங்குமம் ஒரு துகள் உள்ள போச்சுன்னா ஆறு மாசம் அழணும். உங்க பூசையெல்லாம் வெளியில வச்சுக்குங்க.” அறிவியல்படி அவர் சொன்னது சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பதாண்டு சோறு போட்ட இயந்திரத்துக்கு ஒரு பிள்ளையார்கூட இல்லாமல் விடுவதா? கார்களில் முன்னால் ஒட்டுகிறார்களே, அடியில் காந்தம் வைத்த பிள்ளையார், அப்படி ஒன்று வாங்கி வந்தேன். கலத்துக்குப் பின்புறம் சுவருக்கும் அதற்கும் இடையே ஒரு சந்து உண்டு. பேராசிரியரின் வயிறு அதில் நுழையாது. வில்லை அமரும் இடத்துக்கு நேர் பின்னே, நான்கு விரற்கடை தூரம். அங்கே வைத்தேன்.

வழுக்கி விழுந்தார்.

மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தார். காந்தம் போதவில்லை என்று புரிந்தது. மைக்செட் கடை மாசானத்திடம் போனேன். பழைய ஒலிபெருக்கியை உடைத்து வளையக் காந்தம் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். “அண்ணாச்சி, இது சைக்கிளையே தூக்கும், பார்த்துக்கிடுங்க.” பசை போட்டுப் பிள்ளையாரின் முதுகில் ஒட்டினேன். விழுந்தார். இரண்டு வளையம் போட்டேன். விழுந்தார். மூன்றாவதற்குப் போனபோது மாசானம் கேட்டான்: “உங்க பிள்ளையாரு என்ன, கழுகுமலையையா கட்டி இழுக்கப் போறாரு?” நான்கு வளையம். பிள்ளையாரைவிட அவர் முதுகு பெரிதாகிவிட்டது. அப்போதும் விழுந்தார்! இத்தனைக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்துப் பார்த்தேன். பச்சென்று பிடித்துக்கொண்டார். நானும் என் மனைவியும் சேர்ந்து பிய்க்க வேண்டியதாயிற்று. “சாமியைப் பிய்ச்சு எடுக்கிற வீடு இது ஒண்ணுதாங்க” என்றாள்.

என் வீட்டில் ஒட்டுகிறவர் அங்கே ஏன் ஒட்டவில்லை? யோசித்தேன். அந்த அறையில் நிலவிய நாத்திகம். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? கடைசியில் கறுப்பு டேப்பால் ஆறு சுற்றுச் சுற்றிக் கட்டி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வாரம் நான் இன்னொன்றும் தொடங்கினேன். ஆர்கான் உருளையைத் திறப்பதற்கு முன் அதன்மேல் விரல்முட்டியால் மூன்று தட்டு. ஒன்று வாயுவுக்கு, ஒன்று இயந்திரத்துக்கு, ஒன்று எனக்கு. மூன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பேராசிரியர் கேட்டார்: “தட்டினா ஆர்கானுக்குக் காது கேக்குமா?” நான் மூன்றாம் தட்டைத் தட்டி முடித்தேன். மாதிரி எண் பதினேழு வெளியே வந்தது. அளந்தார்கள். செங்கல்! நான்கு மூலையும் நூல் பிடித்தாற்போல். செண்பகவல்லி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். பதினெட்டும் செங்கல். நாற்பத்து மூன்று வரை செங்கல். வாழைப்பழம் ஒன்றுகூட இல்லை.

என்ன காரணம் என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். அழுத்தம், வேகம், தகட்டின் தூய்மை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். எனக்குக் காரணம் தெரியும். கைராசி. என் கை, என் தட்டு. நான் தற்பெருமை பேசுகிறவன் அல்லன், நடந்ததைச் சொல்கிறேன். கட்டுரை எழுதி வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். அதில் என் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். “திருத்தும்போது சேர்த்துக்கலாம்” என்றார் பேராசிரியர்.

மே மாதம் முடிந்தது. சால்வை போட்டார்கள். நான் என் பொருட்களை எடுத்துக்கொண்டேன். தேநீர்க் குவளை, நாட்காட்டி, மணிபிளான்ட், அப்புறம் பிள்ளையார். டேப்பை அறுத்து எடுத்தேன். என் பிள்ளையார், நான் வாங்கியவர். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அமர்த்தினேன்.

ஜூன் முதல் வாரம் தொலைபேசி வந்தது. “அண்ணாச்சி, மறுபடியும் வாழைப்பழம்.”

ஐயா, உண்மையைச் சொன்னால் எனக்கு வருத்தம் வரவில்லை. பார்த்தாயா, என் கை இல்லாமல் நடக்கிறதா என்று ஒரு நிறைவு. ஆனால் ஆய்விதழ்க்காரர்கள் இன்னும் மூன்று நல்ல மாதிரிகளைக் காட்டினால்தான் அச்சிடுவோம் என்று எழுதிவிட்டார்கள். பெண்ணுக்கு ஆய்வேடு கொடுக்க செப்டம்பர்தான் கெடு. கட்டுரை இல்லையென்றால் பட்டமும் இல்லை, என் பெயரும் இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். உருளையை மூன்று தட்டு. செருப்பைக் கிழக்கு நோக்கி விடுக. அறைக்குள் நேந்திரங்காய் வறுவல் தின்னக் கூடாது. பாவம், எல்லாவற்றையும் செய்தாள். “தட்டித் தட்டி விரலு வீங்கிப் போச்சு அண்ணாச்சி” என்றாள். ஜூலையில் என்னையே அழைத்தார்கள். பேராசிரியரே தொலைபேசியில், “வந்து ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க, வீரபுத்திரன்” என்றார். போனேன். என் கையாலேயே மூடினேன், என் கையாலேயே தட்டினேன், என் கையாலேயே திறந்தேன்.

வாழைப்பழம்.

புதிய குழல்விளக்கு ஒன்று மாட்டியிருந்தார்கள். அதன் வெளிச்சம் சரியில்லை என்று அப்போதே சொன்னேன்.

இப்போது கேளுங்கள், என் மனம் புண்பட்ட இடம் இதுதான். சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் தொலைபேசியில் கேட்கிறாள்: “அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. ரிட்டயர் ஆனப்ப லேப்புல இருந்து எதையாச்சும் வீட்டுக்குக் கொண்டு போனீங்களா?”

முப்பத்தோரு ஆண்டு ஐயா. ஒரு திருகாணியை நான் சட்டைப்பையில் போட்டதில்லை. “எழுதிக்கொள் அம்மா” என்றேன். “குவளை ஒன்று, கைப்பிடி உடைந்தது. நாட்காட்டி ஒன்று, மே மாதம் வரை கிழித்தது. மணிபிளான்ட் ஒன்று, நான் நட்டது. பிள்ளையார் ஒன்று, நான் வாங்கியது. இவற்றில் எது பல்கலைக்கழகத்தின் உடைமை?”

“பிள்ளையாரா? எந்தப் பிள்ளையாரு?” என்றாள்.

“கலத்துக்குப் பின்னால் இருந்தவர்.”

“பின்னாலயா! எதுல ஒட்டியிருந்தாரு?”

“ஒட்டவேயில்லை. நான்கு ஒலிபெருக்கிக் காந்தம் போட்டும் ஒட்டவில்லை. டேப் போட்டுத்தான் கட்டினேன்.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. இரண்டும் கலந்த ஓர் ஒலி. “அண்ணாச்சி, அவரை அப்படியே, எதையும் பிரிக்காம, நாளைக்குப் பத்து மணிக்குக் கொண்டாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” பின்னணியில் பேராசிரியரின் குரல், “நாலு காந்தமா? நாலா?” என்று கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று தலைமுறைப் பகுத்தறிவு அன்று பிள்ளையாரிடம் வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை இதே பேருந்தில்தான் போனேன். நடத்துநர் மீதிச் சில்லறையை நீட்டினார். மூன்று நாணயம் அவர் கையிலிருந்து துள்ளி வந்து என் பையின்மேல் ஒட்டிக்கொண்டன. அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உள்ள என்ன வே வச்சிருக்கீரு?” பிள்ளையார் என்றேன். “உண்டியலோடயா?” என்றார். பேருந்தே சிரித்தது.

அங்கே போனால் வரவேற்பைப் பார்க்க வேண்டும். பேராசிரியர் கையுறை அணிந்துகொண்டு, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் பிள்ளையாரை இரு கைகளாலும் ஏந்தினார். செண்பகவல்லி காந்த வலிமையைக் காஸ் கணக்கில் காட்டும் ஒரு கருவியை வைத்து அவரை அங்குலம் அங்குலமாக அளந்தாள். “சார், முதுகுல எண்ணூறு காஸ். தொப்பையில முந்நூறு. தும்பிக்கையில நூத்திருபது.” பேராசிரியர் அதை ஒரு நோட்டில் படம் வரைந்து குறித்தார். தும்பிக்கை நன்றாக வரவில்லை. பிறகு செண்பகவல்லி எனக்கு விளக்கினாள்: “அண்ணாச்சி, அந்தக் கலம் காந்தம் ஒட்டாத எஃகு. ஒட்டக் கூடாதுன்னுதான் அதையே வாங்குறது. காந்தப்புலம் அதைத் தாண்டி உள்ள போயிருக்கு. படலம் வளரும்போதே எலக்ட்ரான் எல்லாத்தையும் ஒரே பக்கம் திருப்பி உக்கார வச்சிருக்கு.” முப்பத்தோரு ஆண்டில் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் குறை சொல்லவில்லை.

ஆனால் காந்தமா, பிள்ளையாரா, என் கையா என்பதை முறைப்படி சோதிக்க வேண்டும் என்று நான் நின்றேன். அறிவியல் என்றால் அறிவியல். பேராசிரியர் பெருமூச்சு விட்டு ஒப்புக்கொண்டார். மூன்று நாள், மூன்று சோதனை, மூன்று நாளும் தட்டியது நானே. திங்கட்கிழமை பிள்ளையாரும் காந்தமும் சேர்த்து, பழைய இடத்தில், பழைய டேப்பில். மாலை அளந்தோம். செங்கல்! நேற்று காந்தம் மட்டும். திருப்புளியால் நெம்பிப் பிரித்தார்கள், அப்போதுதான் மூஞ்சூறின் மூக்கு போயிற்று. மாலை அளந்தோம். செங்கல். “பாத்தீங்களா?” என்றார் பேராசிரியர். நானும் பார்த்தேன். பிள்ளையார் அவருடைய மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க வைக்கப்பட்டு, அங்கிருந்தபடியே கலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை யாரும் குறிப்பேட்டில் எழுதவில்லை.

இன்று பிள்ளையார் மட்டும். வாழைப்பழம். “இப்பவாவது?” என்றார். ஐயா, நீங்களே சொல்லுங்கள். வாகனத்தின் மூக்கை உடைத்துவிட்டு அருள் எதிர்பார்த்தால் வருமா? போதாக்குறைக்கு, நான் இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவே இருந்தபோது அந்தப் பெண் இருமினாள்.

எப்படியோ, இரண்டு செங்கல் கிடைத்தன. மூன்றாவதைக் காந்தம் வைத்து நாளை வளர்க்கப் போகிறார்கள். கட்டுரை பிழைத்தது. பேராசிரியர் கணினி முன் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். செண்பகவல்லி எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள்: “படலம் வளரும்போது காந்தப்புலம் தந்த ஒலிபெருக்கிக் காந்தங்களை அமைத்த கு. வீரபுத்திரனுக்கு நன்றி.”

கு. வீரபுத்திரன். திரையில் பார்த்தேன். புள்ளிகூடச் சரியாக இருந்தது.

“என் கையைப் பற்றி ஒரு சொல்?” என்று கேட்டேன்.

“கையைப் பத்தி எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க, வீரபுத்திரன்.”

“தட்டு?”

“வீரபுத்திரன்!”

“பிள்ளையார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். எனக்கு ஆற்றாமை. அச்சில் வரப்போவது என் பெயர், ஆனால் எதற்காக? மைக்செட் கடையில் வாங்கிய காந்தத்துக்காக. அப்படியானால் மாசானத்துக்கல்லவா நன்றி சொல்ல வேண்டும்? பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. செண்பகவல்லி கதவருகே வந்து மெல்லச் சொன்னாள்: “காந்தம்னே இருக்கட்டும் அண்ணாச்சி. நாலு காந்தம் விழுந்தும் விடாமக் கட்டி வச்சது யாரு? வேற ஒருத்தரா இருந்தா முதல் காந்தத்தோட விட்டிருப்பாங்க. நான் இன்னிக்கு வீட்டுல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்திருப்பேன்.” அவள் கண் கலங்கியிருந்தது. “சரி அம்மா, அச்சான இதழில் இரண்டு படி எனக்கு வேண்டும்” என்றேன். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று ஊர் நூலகத்துக்கு. மகரத்துக்கு அடுத்த தொகுதி இருந்த இடம் அலமாரியில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

கயத்தாறு தாண்டிவிட்டோமா? இனி அதிக நேரமில்லை. துண்டின் கதை.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது, பிள்ளையாரைச் சுற்றி வந்த துண்டு ஆய்வகத்திலேயே கிடக்கிறது. திரும்பிப் போனேன். செண்பகவல்லி போய்விட்டாள். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. எட்டிப் பார்த்தேன். உள்ளே பேராசிரியர் மட்டும். நாளைய மாதிரிக்காகக் கலத்தை மூடிக் காந்தங்களை வைத்து எல்லாம் ஆயத்தம் செய்திருந்தார். ஆர்கான் உருளையின் அருகே நின்றார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பிறகு, ஐயா, என் இரு கண்களாலும் பார்த்தேன், விரல்முட்டியை மடக்கி உருளையின்மேல் தட்டினார்.

நான் உள்ளே போகவில்லை. துண்டு கிடக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. அவர் தட்டியது நான்கு. எண்ணினேன், நான்கு. நாளைக்கு வாழைப்பழம் வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.